சொன்ன சொல் எத்தனை மாதத்துக்கு? சம்மாந்துறை அரிசி ஆலைக்காரன் ஒருவனின் திறந்த மடல்

வலுசக்தி, வர்த்தக, கைத்தொழில், விவசாய அமைச்சுகளில் கொள்கை வகுப்பவர்களுக்கும், மின் கட்டணத்தை அங்கீகரிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும்,

2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது, கூரையில் சோலார் வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள் விடுத்தீர்கள். 13ஆம் திகதியிலிருந்து 21ஆம் திகதி வரை பகலில் அதை அணைத்து வையுங்கள் என்று. விடுமுறையில் தொழிற்சாலைகளும் கந்தோர்களும் பூட்டிக் கிடக்கும், கரண்ட் எடுக்க ஆள் இல்லை, வெயிலோ உச்சத்தில், மின் வலையமைப்பு தாங்காது என்றீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன், பெப்ரவரி 9ஆம் திகதி, நாடு முழுக்க இருண்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஏறிய குரங்கை வைத்து ஊரெல்லாம் பகிடி. எனக்குப் பகிடி வரவில்லை. ஓரிடத்தில் குரங்கு தொட்டால் தீவே அணைந்துபோகிற அந்தக் கம்பியில்தான் என்னுடைய வங்கிக் கடனும் தொங்குகிறது.

அணைத்தேன். ஆலைக்குப் பின்னால் உமி கொட்டும் இடத்தைத் தாண்டி ஒரு சின்ன அறை, அதில்தான் இன்வேட்டர் மாட்டியிருக்கிறது. ஆழியைத் திருகியதும் அதன் விசிறிச் சத்தம் நின்றது. புத்தாண்டுக்கு வீரமுனை, மல்வத்தைப் பக்கத்து வேலையாட்கள் லீவில் போய்விட்டதால் களத்தில் நெல்லும் இல்லை. ஒன்பது நாள் கூரையில் பேனல் மட்டும் சும்மா காய்ந்தது. நல்ல வெயிலில் என்னுடைய 40 கிலோவாட் நாளைக்கு 150 அலகு தரும். மின் வலையமைப்புக்கு விற்கும் அலகு 22 ரூபாய்ப்படி ஒன்பது நாளுக்கு ஏறக்குறைய 30,000 ரூபாய் போனது. அந்த மாதத் தவணையை வங்கி ஒரு நாளும் பிந்தாமல் எடுத்துக்கொண்டது.

அந்த 30,000 ரூபாயைக் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. மின் வலையமைப்பு விழுந்தால் நானும்தான் இருட்டில் இருப்பேன். ஆனால் அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வரும்போது மனதில் வந்த கேள்வி இன்னும் போகவில்லை. கூரையில் சோலார் வை என்று சொன்னதும் நீங்கள்தான், அணை என்று சொன்னதும் நீங்கள்தான். இடையில் ஆறு வருடம் இருந்தது. அந்த ஆறு வருடத்தில் இப்படி ஒரு நாள் வரும் என்று ஒருவருக்கும் தெரியாதா?

வாப்பா இந்த மில்லைத் தொடங்கிய காலத்தில் நெல் வண்டிலில் வரும். அருவி வெட்டி, சூடு வைத்து, ஆறப்போட்டு அடித்த நெல். அறுவடை ஒரு மாதத்துக்கு மேல் இழுபடும், ஆலைக்கும் அதே வேகத்தில் நெல் வந்து சேரும். இப்போது வயல் வட்டைக்குள் வெட்டும் மெசின் இறங்கினால் காலையில் நின்ற வேளாண்மை மத்தியானம் மூடையில் இருக்கும். நல்ல விஷயம்தான், ஆள் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத காலம். ஆனால் அந்த மெசின் வெட்டித் தருவது பச்சை ஈரத்தோடு இருக்கும் நெல். மீட்டரைக் குத்தினால் 20 வீதம், மழை நாளென்றால் அதற்கும் மேலே. நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 வீதம். 20 வீத ஈரத்தில் 100 கிலோ நெல்லைக் கொண்டுவந்து 14க்கு உலர்த்தினால் 93 கிலோதான் மிஞ்சும். இதை எங்கே உலர்த்துவது? பெப்ரவரியில் சம்மாந்துறை வீதிகளில் வந்து பாருங்கள். பாதி வீதியில் வாகனம், பாதி வீதியில் நெல்.

ஆக, வெட்டும் மெசினை அனுமதித்த கொள்கை உலர்த்தும் மெசினைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு தொழில்நுட்பம் வந்தால் அதன் பின்னாலேயே இன்னொன்று வரவேண்டியிருக்கும் என்பது ஆலைக்காரனுக்குத் தெரியும். மொத்த அறுவடையும் இரண்டு மூன்று கிழமையில் வாசலில் வந்து நிற்கும்போது அவன்தானே அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

2025 பெரும்போகத்தில், அதாவது மாரிமழையில் விளையும் பெரிய போகத்தில், நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அறுவடை தொடங்கிவிட்டது. உத்தரவாத விலை எவ்வளவு என்று நீங்கள் வாய் திறக்கவில்லை. விவசாயிகள் மூடையை என்னுடைய களஞ்சியத்து விறாந்தையில் அடுக்கிவிட்டு, விற்கவும் மாட்டாமல் எடுத்துக்கொண்டு போகவும் மாட்டாமல் நின்றார்கள். "முதலாளி, கவர்மெண்ட் விலை வரட்டும், அதுவரைக்கும் கிடக்கட்டும்" என்றார் ஒருவர். நானும் விலை தெரியாமல் வாங்கப் பயந்தேன். நாலாம் நாள் ஒரு மூடைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சூடு. முழங்கை வரைக்கும் சூடு ஏறியது, புளித்த வாசம் வேறு. ஈர நெல் மூடைக்குள் கிடந்தால் தானாகவே வெந்துபோகும், அரிசி மஞ்சளடிக்கும். பெப்ரவரி முதல் வாரத்தில் விலை வந்தது, கிலோ நெல்லுக்கு: நாட்டு நெல் 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132. அதற்குள் என்னுடைய விறாந்தையில் கிடந்த நெல்லின் விலை வேறாகிவிட்டது.

அந்த நெல்லைக் குற்றியபோது நிறம் பிரிக்கும் இயந்திரம், நாங்கள் சொல்கிற கலர் சோர்ட்டர், பட்பட்டென்று இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கமரா ஒவ்வொரு மணியாகப் பார்க்கும், மஞ்சளும் கறுப்பும் கண்டால் ஒரு சொட்டுக் காற்று அந்த மணியை ஒதுக்கித் தள்ளும். கழிவுத் தொட்டி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகமாக நிறைந்தது. அந்தத் தொட்டியில் கிடந்தது உங்கள் தாமதம். கோழித் தீன்காரருக்கு விற்றேன்.

அந்த சோர்ட்டரை நான் வாங்கிய கதையும் இதே மாதிரிதான். 2022 தொடக்கத்தில் முற்பணம் கட்டும்போது டொலர் 203 ரூபாய். அப்படியே பிடித்து வைத்திருந்தீர்கள். மார்ச்சில் கைவிட்டீர்கள், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வங்கியில் டொலர் இல்லை, இறக்குமதிக்கான நாணயக் கடிதம் (எல்.சி.) திறக்க முடியாது என்றார்கள். மெசின் வந்து சேர்ந்தபோது நான் போட்ட கணக்குக்கும் கட்டிய காசுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. (அது கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி லொறியில் தீவைக் குறுக்கறுத்து வந்தது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம் எனக்கு அரை மணி நேர ஓட்டம். வாயில் மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, வணிகக் கப்பல் வந்துபோகும் துறைமுகமாக அது ஆகவே இல்லை. சரி, அது தனி மடலுக்குரிய விஷயம்.)

இனி கரண்டுக்கு வருகிறேன். 2022க்கு முன் ஏறக்குறைய எட்டு வருடம் கட்டணத்தை நீங்கள் திருத்தவே இல்லை. அதுவும் பிழைதான், அந்த நட்டமெல்லாம் எங்கேயோ சேர்ந்துகொண்டுதான் இருந்தது. பிறகு 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம் ஏற்றினீர்கள். 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். அதே வருடம் ஜூலையில் 14 வீதம் இறக்கி, ஒக்டோபரில் 18 வீதம் ஏற்றினீர்கள். 2024 மார்ச்சில் 22 வீதமளவில் இறங்கியது, ஜூலையில் மறுபடியும் 22 வீதமளவில் இறங்கியது. 2025 ஜனவரியில் 20 வீதம் இறக்கம், ஜூனில் 15 வீதம் ஏற்றம். மூன்று வருடத்துக்குள் எட்டுத் தடவை. உற்பத்திச் செலவுக்கு ஏற்ற கட்டணம் என்பது சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டில் இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டும். செலவுக்கு ஏற்ற கட்டணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து வருடக் கடனில் ஒரு மோட்டரை வாங்குகிறவன் எந்தக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவது என்பதுதான் கேள்வி. மாலை 6.30 இலிருந்து 10.30 வரை உச்ச நேரம் என்பதால் அந்த நேரத்தில் ஆலையை நிறுத்தப் பழகிவிட்டோம். நோன்பு காலத்தில் தராவீஹ் முடித்துவிட்டு வந்துதான் மெசினைப் போடுவோம். நேரம் தெரிந்தால் பழகிக்கொள்ளலாம். எப்போது மாறும் என்றே தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பழகுவது?

சோலார் விஷயத்தில் ஒரு நல்லதையும் சொல்லவேண்டும். 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்று தொடங்கிய திட்டத்தில் ஒப்பந்தம் 20 வருடத்துக்கு. முதல் ஏழு வருடம் அலகு 22 ரூபாய், பிறகு 15.50. 2019இல் நான் கையெழுத்துப் போட்டபோதே 2026இல் வருமானம் இறங்கும் என்று தெரியும், அதை வைத்துத்தான் தவணைக் காலத்தை ஏழு வருடமாகக் கேட்டேன். இன்று வரை அந்த ஒப்பந்தம் மாறவில்லை. இத்தனை வருடத்தில் அரசாங்கம் எனக்கு எழுத்தில் தந்து காப்பாற்றிய ஒரே சொல் அதுதான். அதனால்தான் இரண்டாம் கட்டத்துக்கும் துணிந்தேன்.

புதிதாக வைப்பவர்களுக்கு 2022 கடைசியில் 37 ரூபாய் என்றீர்கள். 2024இல் 27. நான் 27ஐ வைத்து 60 கிலோவாட்டுக்கு விண்ணப்பித்தேன். வங்கி மூன்று மாதம் எடுத்தது. பிறகு எங்கள் பகுதி மின்மாற்றியில் இடமில்லை என்றார்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள், பிறகு ஒரு கடிதம் குறைகிறது என்றார்கள். எந்த மின்மாற்றியில் எவ்வளவு இடம் என்று ஒரு பட்டியல் இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், எனக்கும் அலைச்சல் மிச்சம், அந்த உத்தியோகத்தருக்கும் என் முகத்தைப் பார்க்கும் தொல்லை மிச்சம். 2025இல் புதிய கட்டணம் வந்தது. என்னுடைய அளவுக்கு 20 ரூபாய்க்கும் கீழே. முழு மின்சாரத்தையும் விற்பதென்றால் மாதத்துக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாத வித்தியாசம். சட்டகம் அடிக்க வாங்கிய இரும்பு இன்னும் மதிலோரம் கிடக்கிறது, மழையில் துருவேறிக்கொண்டு.

பேனல் விலை உலகச் சந்தையில் விழுந்துவிட்டது, ஆகவே நாங்கள் தரும் விலையும் குறையவேண்டும் என்று விளக்கம் சொன்னீர்கள். அது நியாயம். 2023 ஒரு வருடத்தில் மட்டும் பேனல் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது உண்மை. ஆனால் அது ஏன் விழுந்தது என்றும் பாருங்கள். சோலார் உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் உலகத்தின் 80 வீதத்துக்கு மேல் இன்று சீனாவின் கையில். அந்த அரசு பதினைந்து, இருபது வருடம் ஒரே பக்கம் தள்ளியதால் வந்தது அது. அவர்களுக்குச் சந்தை திறந்து கொடுத்த ஜேர்மனி 2000இல் சட்டம் போட்டு, வைத்தவனுக்கு 20 வருடம் விலை மாறாது என்றது. புதிதாக வருபவனுக்கு விலை இறங்கும், எவ்வளவு இறங்கும் என்பதையும் அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. ஆகவே அந்தச் சட்டத்தை நம்பி வைத்தவனால் இறங்கப்போகும் படியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இறங்க முடிந்தது.

நெல்லுக்கும் அரிசிக்கும் வந்தால் இன்னும் மோசம். 2024 டிசம்பரில் ஒரு கிலோ நாட்டரிசிக்கு உச்ச சில்லறை விலை 230 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. 100 கிலோ நெல்லைக் குற்றினால் 65 கிலோ அரிசி வந்தால் நல்லது. நெல் 120 என்றால் அரிசியில் நெல்லின் பங்கு மட்டும் 185 ரூபாய். மிச்ச 40, 45 ரூபாய்க்குள் அவித்தல், உலர்த்தல், கரண்ட், கூலி, சாக்கு, லொறி, வட்டி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அடங்கவேண்டும். தவிடும் குறுணலும் விற்பதில் கொஞ்சம் ஈடாகும். சந்தையில் நெல் 140க்குப் போகும் நாளில் பங்கு மட்டும் 215 ஆகிவிடும், அதற்குமேல் கணக்குப் போட ஒன்றுமில்லை, ஆலையை மூடுவதுதான். அதே டிசம்பரில் அரிசி இறக்குமதிக்குக் கதவைத் திறந்து, ஜனவரி 10 வரைக்கும் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் தொன்னுக்கு மேல் இறக்கினீர்கள். மக்களுக்கு அரிசி வேண்டும், தெரியும். எங்கள் வீட்டிலும் அரிசிதான் சாப்பிடுகிறோம். ஆனால் அந்த அரிசி கடைகளில் நிறைந்திருந்தபோதுதான் எங்கள் அறுவடை வந்தது.

இதில் யார் பிழைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரிய களஞ்சியம் உள்ளவர். நெல்லை ஆறு மாதம் வைத்திருக்க அவருக்கு இடமும் உண்டு, காசும் உண்டு. விலை மாறும்போது விற்பார், விதி மாறும்போது வாங்குவார். உங்கள் வர்த்தமானி இரவு பத்து மணிக்கு வந்தால் அவருக்குப் பத்து ஐந்துக்குத் தெரியும், எனக்கு மறுநாள் தேத்தண்ணிக் கடையில் தெரியும், தமிழில் அது வர இன்னும் நாலு நாள் ஆகும். பெரிய ஆலைக்காரர்கள் சந்தையைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் மேடையில் திட்டுவதைக் கேட்கும்போது எனக்கு வேடிக்கையாக இருக்கும். விதி ஆடிக்கொண்டே இருந்தால் ஆட்டத்தைத் தாங்கக்கூடியவர் மட்டும்தான் மிஞ்சுவார். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பூட்டிக்கிடக்கும் சின்ன மில்களின் துருப்பிடித்த தகரங்களைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை வாகனத்தில் போய்வாருங்கள்.

ஒரே இரவில் விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2021ஐவிடப் பெரிய சாட்சி வேண்டாம். மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தீர்கள், நவம்பரில் தடையை எடுத்தீர்கள். எடுக்கும்போது எங்கள் பெரும்போகம் ஏற்கெனவே மண்ணில் இருந்தது. அடுத்த அறுவடையில் என்னுடைய விசிறி பறக்கவிட்ட பதர் மலைபோலக் குவிந்தது. மூடையைத் தூக்கியவன் அளக்கும் முன்பே சொன்னான், "முதலாளி, பாரமில்லை." இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். அதற்குப் பத்து வருடம் தந்திருந்தால் எங்களில் சிலர் செய்தும் காட்டியிருப்பார்கள்.

எங்கள் அம்பாறை மாவட்டத்துக்கு நீண்ட கொள்கை என்றால் என்னவென்று தெரியாததல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தின் தண்ணீரில்தான் இந்த நெல் விளைகிறது. அதன் குடியேற்ற அரசியலில் எங்கள் சமூகங்களுக்கு இருக்கும் மனக்குறை தீர்ந்துவிடவில்லை, அதை மறைத்து நான் புகழவும் மாட்டேன். ஆனால் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடும் என்பது எழுபத்தைந்து வருடமாக மாறவில்லை, அதை நம்பித்தான் வாப்பா இந்த இடத்தில் மில்லைப் போட்டார்.

இப்போது புதுக் கதை ஒன்று வந்திருக்கிறது. பகலில் எடுக்கும் மின்சாரத்தை மின்கலத்தில் சேமித்து மாலை உச்ச நேரத்தில் தந்தால் கூடுதல் விலை என்று அறிவித்திருக்கிறீர்கள். யோசனை மிக நல்லது. ஏப்ரலில் அணைக்கச் சொன்ன வெயிலை மாலைக்குக் கொண்டுபோகும் வழி அதுதான். சோலார் நிறுவனக்காரர்கள் இப்போதே கதவைத் தட்டுகிறார்கள். மகன் மொறட்டுவையில் மின்பொறியியல் படிக்கிறான், அவனும் "வாப்பா, இதைச் செய்வோம்" என்கிறான். மின்கலத்தின் ஆயுள் பத்து வருடம், கடன் ஏழு வருடம், உங்கள் விலையின் ஆயுள் எவ்வளவு? அதைத்தான் அவனிடம் சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

ஆகவே கேட்பவை இவை.

கூரைச் சோலாருக்கும் மின்கலத்துக்கும் தரும் விலையை அடுத்த ஐந்து வருடத்துக்கு, வருடா வருடம் எவ்வளவு இறங்கும் என்பதோடு சேர்த்து இப்போதே வர்த்தமானியில் போடுங்கள். குறையட்டும், பரவாயில்லை. விண்ணப்பம் கையேற்கப்பட்ட நாளில் இருந்த விலையே அந்த விண்ணப்பத்துக்குரிய விலை என்று எழுதுங்கள். உங்கள் கந்தோரில் கோப்பு தூங்கிய மாதங்களுக்கான நட்டம் எங்கள் தலையில் விழக்கூடாது.

ஒவ்வொரு பகுதியிலும் எந்த மின்மாற்றியில் இன்னும் எத்தனை கிலோவாட்டுக்கு இடமுண்டு என்று மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். அணைக்கச் சொல்லும் நாட்கள் வருமானால் வருடத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள், அதற்கு மேல் போனால் ஈடு என்ன என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

கைத்தொழில் மின் கட்டணத்தை வருடத்துக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில் திருத்துங்கள். எரிபொருள் விலை ஏறியிறங்குவதை நீங்கள் சில மாதம் தாங்கிக்கொள்ள ஒரு நிதியம் வையுங்கள். நாங்கள் தாங்குவதைவிட உங்களால் அது இலகுவாக முடியும்.

நெல்லின் உத்தரவாத விலையைப் பெரும்போகத்துக்கு ஒக்டோபரில், விதைப்புக்கு முன் சொல்லுங்கள். அறுவடை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்னும், அறுவடை முடியும் வரையும் அரிசி இறக்குமதி இல்லை என்று விதி செய்யுங்கள். பஞ்சம் வந்தால் விதிவிலக்கு எப்படி என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

உமியில் எரியும் உலர்த்தியைச் சிறிய ஆலைகள் வாங்க, தவணைக் காலம் முழுக்க வட்டி மாறாத கடன் ஒன்றைத் தாருங்கள். மானியம் வேண்டாம். மானியம் என்றால் பட்டியலில் பெயர் போட இன்னொருவரின் வாசலில் நிற்கவேண்டி வரும்.

கடைசியாக, இவற்றில் எந்த வர்த்தமானி வந்தாலும் சிங்களத்தில் வரும் அதே மணிக்குத் தமிழிலும் வரட்டும்.

பெரும்போக விதைப்புக்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன். மின்கலத்துக்கு விலை தந்திருக்கும் நிறுவனம் அதுவரைதான் அந்த விலையைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது.

இப்படிக்கு,
அரிசி ஆலை உரிமையாளர் ஒருவர்
சம்மாந்துறை